சந்தோஷம் வரும்போது வீட்டில் இருப்பது எப்படி

வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனத்தில் 16 வருடம் இருந்தோம். 7 குடும்பத்துக்கு ஒரே ஒரு அடி பம்பு, வெயில் காலத்தில் அதிலும் காற்றுதான் வரும். தண்ணி லாரி வருகிற நாளில் விடியற்காலை நாலரைக்கே எழுந்து குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, யாராவது நம் குடத்தைப் பின்னால் தள்ளுகிறார்களா என்று ஒரு கண் வைத்துக்கொண்டே பல் துலக்குவேன். அப்புறம் தொண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கிக் குடிபோன அன்றைக்கு, அம்மா நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். நான் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "மூடுடி, வீணாப் போவுது" என்று அம்மா சொல்கிற வரைக்கும் நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

நாலே மாதம்தான். அதே குழாய்க்கு முன்னால் நின்றுகொண்டு "என்னக்கா இது, நூல் மாதிரி வருது" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் குழாயின் கழுத்தில் அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்த குங்குமம் கண்ணில் பட்டது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. 16 வருடமாகக் கேட்டது கிடைத்து, அந்தச் சந்தோஷம் 4 மாதம்கூடத் தங்கவில்லை என்றால், இனிமேல் எதைக் கேட்பது?

அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும், செய்து பார்த்ததில் உதவியதையும் எழுதுகிறேன். சந்தோஷத்தைப் பிடித்து வைக்க எனக்கு வழி தெரியாது, அது வரும், போகும். வந்திருக்கிற கொஞ்ச நேரத்தில் நாம் அங்கே இருக்கலாம், அதைப் பழகிக்கொள்ள முடியும்.

முதலில், இது உங்கள் தப்பு இல்லை

மனம் எதற்கும் பழகிவிடும். பிலிப் பிரிக்மன், டொனால்ட் கேம்பெல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1971-இல் இதை டிரெட்மில்லுடன் ஒப்பிட்டு எழுதினார்கள்: ஜிம்மில் அந்தப் பட்டையின்மேல் எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிற்பது போல, எவ்வளவு கிடைத்தாலும் மனம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். 1978-இல் பிரிக்மனும் இன்னும் இரண்டு பேரும் ஒரு ஆய்வு செய்தார்கள். இலினாய் மாநில லாட்டரியில் பெரிய பரிசு விழுந்த 22 பேரையும், அதே ஊர்ப்பக்கம் பரிசு எதுவும் விழாத 22 பேரையும் கேட்டால், இரண்டு கூட்டத்தின் சந்தோஷத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது அதற்கு அடுத்த விஷயம்தான். நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, ஒரு ஜோக் கேட்டுச் சிரிப்பது, இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில் லாட்டரி விழுந்தவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவான சந்தோஷம்தான் கிடைத்திருக்கிறது. பெரியது வந்து சின்னதைத் தின்றுவிட்டது. ஆய்வு சின்னதுதான், 22 பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது, ஆனால் என் குழாயை எனக்குப் புரியவைக்க அது போதும்.

நம் ஊரிலேயே பாருங்கள். டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டி, தகரம் அடித்து, தூசியில் எத்தனை வருடம் போனோம், வந்தோம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் ரயில் விட்டபோது போகிற வேலை எதுவும் இல்லாமலே குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்து, ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு போனோம். இன்றைக்கு அதே ரயிலில் யார் தலை நிமிர்கிறது? நானே ஸ்டேஷன் வந்ததுகூடத் தெரியாமல் போனில் இருந்திருக்கிறேன்.

ஆனால் எதற்கும் பழகிவிடுகிற இந்தக் குணத்தை நான் திட்ட மாட்டேன். துறைமுகத்தில் வேலை பார்த்த என் அப்பா இறந்த வருடம் அம்மா வீட்டுக்கு மீனே வாங்கவில்லை, கல்மண்டபம் மீன் மார்க்கெட் பக்கம் போனாலே முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் அதே மார்க்கெட்டில், சங்கராவுக்கு அநியாய விலை சொல்கிறாய் என்று மீன்கார அம்மாவோடு சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தைக் கரைக்கிற அதே தண்ணீர்தான் துக்கத்தையும் கரைத்தது. அது இல்லாமல் நாம் பிழைத்திருக்க முடியாது.

இரண்டு விஷயம் சொல்லிவிட்டு வழிக்கு வருகிறேன். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பே இல்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போய் இருக்கிறவர்களுக்கு நான் எழுதுவது போதாது. அவர்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும், அல்லது 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம், அது அரசாங்கத்தின் டெலி மானஸ் உதவி எண், தமிழிலேயே பேசலாம். இன்னொன்று: "இருப்பதை வைத்துச் சந்தோஷமாக இரு" என்று வடசென்னைக்காரர்களிடம் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது, அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி அமோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த ஜனங்களைப் பொறுத்துப் போகச் சொல்வதற்கு நான் இதை எழுதவில்லை. மூச்சு முட்டினால் சத்தம் போடத்தான் வேண்டும். சத்தம் போடுகிறவருக்கும் மத்தியானம் கொஞ்சம் நல்ல காற்று வேண்டும், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரே ஒரு சின்ன விஷயத்தில் ஆரம்பியுங்கள்

பெரிய விஷயத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். வாழ்க்கை முழுவதையும் ரசிக்கப் போகிறேன் என்று கிளம்பினால் ரெண்டாவது நாளே களைத்துவிடும். எப்போது வரும் என்று ஓரளவு தெரிந்த, வந்தால் சீக்கிரம் போய்விடுகிற, காசு கேட்காத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நம் பக்கத்தில் அதற்குக் கடல்காற்றைப் போல எதுவும் இல்லை.

சித்திரை, வைகாசியில் காலை பத்து மணியிலிருந்தே மேற்கிலிருந்து அனல் அடிக்கும், சுவரைத் தொட்டால் சுடும், ஃபேன் போட்டால் அதுவும் சூடாக வீசும். அப்படியே போய்க்கொண்டிருக்கையில் மத்தியானத்தில் ஏதோ ஒரு நிமிடம் காற்று திரும்பும். கடலைவிடத் தரை சீக்கிரம் சூடேறுகிறது, சூடான காற்று மேலே கிளம்புகிறது, அந்த இடத்துக்குக் கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது, அவ்வளவுதான் விஷயம். மேற்குக் காற்று பலமாக இருக்கிற நாளில் சாயங்காலம் வரைக்கும் காக்கவைக்கும், சில நாள் வராமலே போய்விடும். அதனால்தான் வந்த நாள் ஒரு தனி நாள். எங்கள் மொட்டை மாடியில் அது முதலில் துணிக்கொடியில் தெரியும். அதுவரைக்கும் கிழக்குப் பார்த்துப் புடைத்துக்கொண்டிருந்த புடவை ஒரு நிமிடம் தொங்கிப்போய், அப்புறம் மேற்குப் பக்கமாக மெல்ல ஆடும். அதோடு வாசனை வரும். உப்பு, எங்கேயோ காய்கிற கருவாடு, துறைமுகத்து டீசல். பூ வாசனை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் பிறந்ததிலிருந்து என் மூக்குக்குத் தெரிந்த வாசனை அது.

செய்ய வேண்டியது இதுதான். போனைக் கீழேயே வைத்துவிட்டு மாடிக்குப் போங்கள். 3 நிமிடம் போதும். முதல் நிமிடம் தோலை மட்டும் கவனியுங்கள், காற்று எங்கே முதலில் படுகிறது, கழுத்திலா, காதின் பின்னாலா, வேர்வை காய்வது எப்படி இருக்கிறது. அடுத்த நிமிடம் காது: பள்ளிவாசல் பாங்கு, மாதா கோயில் மணி, எங்கேயோ கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் அடிக்கிற சத்தம், ராயபுரம் பக்கம் போகிற கூட்ஸ் வண்டி. மூன்றாவது நிமிடம் எதையும் தேடாமல் சும்மா நில்லுங்கள். அப்புறம் இறங்கி வந்துவிடுங்கள். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் போலிருக்கிறதே என்று தோன்றும்போதே இறங்குவது முக்கியம், அலுத்துப்போகிற வரைக்கும் நின்றால் மறுநாள் மாடிப்படி ஏறக் கால் வராது.

ஆபீஸ் நாளில் மாடி ஏது, காற்று ஏது என்பீர்கள். எனக்கு மண்ணடியில் வேலை, ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர். அங்கே எனக்கு நாலு மணி டீயின் முதல் வாய். அந்த ஒரு வாய் உள்ளே இறங்குகிற வரைக்கும் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்க மாட்டேன். மிச்ச டீ எப்படிப் போனாலும் போகட்டும்.

மனம் ஓடும்போது

ஓடத்தான் செய்யும். மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் 2,250 பேரிடம் ஐபோன் மூலமாக நாளின் நடுவில் திடீர் திடீரென்று கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறீர்கள்? 46.9 சதவீத நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி வேறெங்கோ போயிருந்த நேரங்களில் அவர்கள் சந்தோஷமும் குறைவாகத்தான் இருந்தது. நல்ல விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தால்கூட, கையில் இருக்கும் வேலையிலேயே மனம் இருந்தவர்களைவிட ஒன்றும் கூடுதல் சந்தோஷம் இல்லை.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், கோயில் கதையே இருக்கிறது. சுந்தரர் இங்கே சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொள்ளும்போது, உன்னை விட்டுப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். கொஞ்ச நாள் போனது. வசந்த காலம் வந்தது, திருவாரூர்த் திருவிழா நினைவுக்கு வந்தது, மனம் அங்கே போய்விட்டது, காலும் பின்னாலேயே போனது. ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் தெரியாமல் போயிற்று. சின்ன வயதில் இதைச் சத்தியம் தவறியதற்குத் தண்டனை என்று மட்டும்தான் கேட்டேன். இப்போது கேட்கும்போது, இருக்கிற இடத்தை விட்டு மனம் கிளம்பியபோதே பார்வை போய்விட்டதோ என்று தோன்றுகிறது.

மனம் ஓடினால் திட்டாதீர்கள். எங்கே போயிற்று என்று ஒரே வார்த்தையில் சொல்லிக்கொள்ளுங்கள். "கடன்." "நாளைக்கு." "மச்சினர்." அப்புறம் தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுங்கள். முதல் தடவை வராது, பிள்ளைகள் எப்போது முதல் தடவையில் வந்திருக்கிறார்கள்? 3 நிமிடத்தில் பத்துத் தடவை கூப்பிட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கூப்பிடுவதுதான் பயிற்சி.

பிடித்ததற்கு ஒரு தடைக்காலம்

எனக்கு அதிகம் பலன் தந்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வருடா வருடம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகுகிற காலம் என்பதற்காகக் கிழக்குக் கடற்கரை முழுக்க இந்தத் தடை உண்டு. படகுகளெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், வலை பின்னுவார்கள், எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். சின்னப் படகுகள் கொண்டுவருகிற கொஞ்ச மீன்தான் கிடைக்கும், வஞ்சிரத்தின் பக்கம் திரும்பிப் பார்க்க முடியாது. அந்த 61 நாள் படகுக்காரர்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் கஷ்ட காலம், அதை நான் அழகாக்கிச் சொல்ல மாட்டேன். ஆனால் தடை முடிந்து படகு திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காசிமேட்டுக்குப் போயிருக்கிறீர்களா? ஏலச் சத்தமும், ஐஸ் உடைக்கிற சத்தமும், கால் வைக்க இடமில்லாத கூட்டமும், எல்லார் முகத்திலும் ஒரு கல்யாண வீட்டுக் களை இருக்கும். அன்றைக்கு வைக்கிற குழம்பின் ருசி மார்ச் மாதக் குழம்புக்குக் கிடையாது. அதே மீன், அதே புளி, அதே அம்மா கை.

இதை நாமே நமக்குச் செய்துகொள்ளலாம். ஜோர்டி குவாட்பாக்கும் எலிசபெத் டன்னும் 2013-இல் சாக்லேட்டை வைத்து இதைச் சோதித்தார்கள். முதலில் எல்லாருக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அப்புறம் ஒரு கூட்டத்திடம் ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடவே கூடாது என்றார்கள், இன்னொரு கூட்டத்துக்கு நிறையக் கொடுத்து முடிந்த அளவு சாப்பிடச் சொன்னார்கள், மூன்றாவது கூட்டத்துக்கு எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு துண்டு கொடுத்தபோது, தொடாமல் இருந்தவர்கள்தான் மற்ற இரண்டு கூட்டத்தையும்விட அதை ரசித்துச் சாப்பிட்டார்கள்.

எனக்கு அத்தோ. 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவந்த சாப்பாடு அது, பர்மா பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச்சில் தள்ளுவண்டியில் கிடைக்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டு, பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள், பக்கத்தில் சுடச் சுட வாழைத்தண்டு சூப். ஆபீஸ் பக்கத்திலேயே இருக்கிறதே என்று வாரத்துக்கு மூன்று நாள் சாப்பிட்டேன். கடைசியில் போனைப் பார்த்துக்கொண்டே முழுங்குகிற சாப்பாடாக அது ஆகிவிட்டது. இப்போது மாதத்துக்கு ஒரு தடவை, சம்பளம் வந்த முதல் வெள்ளிக்கிழமை மட்டும். வியாழக்கிழமை ராத்திரியே நாக்கில் புளிப்பு தெரிய ஆரம்பித்துவிடும். சாப்பிடுவது பத்து நிமிடம்தான், ஆனால் அந்தச் சந்தோஷம் முந்தின நாளிலிருந்தே தொடங்கிவிடுகிறது.

எதற்குத் தடை போடலாம் என்று பார்த்தால், உங்களுக்கு முன்னால் ரொம்பப் பிடித்திருந்து இப்போது கவனிக்காமலே செய்கிற எதுவும் சரி. பாட்டு, சீரியல், பிரியாணி, கிரிக்கெட். தடைக்கு முடிகிற தேதி வேண்டும், தேதி இல்லாத தடை வெறும் விரதமாகிவிடும், ரெண்டாவது வாரமே உடையும். மனிதர்களுக்கு மட்டும் தடை போடாதீர்கள். பேசாமல் இருந்தால் அருமை தெரியும் என்று வீட்டில் இருப்பவர்களிடம் செய்து பார்ப்பது கொடுமை.

போட்டோ எடுங்கள், ஆனால்

லிண்டா ஹெங்கல் என்ற ஆய்வாளர் ஒரு அருங்காட்சியகத்தில் மாணவர்களைச் சில பொருட்களைப் பார்க்கவும், சில பொருட்களைப் போட்டோ எடுக்கவும் சொன்னார். மறுநாள் கேட்டால், போட்டோ எடுத்த பொருட்கள்தான் சரியாக நினைவில் இல்லை. ஆய்வு 2014-இல் வெளிவந்தது. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் வேலையை விட்டுவிடுகிறது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு நினைவு கெடவில்லை.

மாசித் திருவிழாவில் தேர் வரும்போது நான் செய்வது இதுதான். முதலில் தேர் என்னைத் தாண்டுகிற வரைக்கும் வெறும் கண்ணால் பார்ப்பேன். அப்புறம் ஒரே ஒரு போட்டோ, முழுத் தேரை எடுக்காமல், வடம் பிடித்த ஒரு கை, அல்லது சக்கரத்தின் ஓரம். முழுத் தேரை ஊரே எடுத்துக்கொண்டிருக்கிறது, வாட்ஸப்பில் வந்துவிடும்.

ஒருவர் சந்தோஷமாக வந்து சொன்னால்

இதில் நான் பெரிய தப்பு செய்திருக்கிறேன். என் பெண் எட்டாவது படிக்கும்போது தெருக் கேரம் போட்டியில் பையன்களையெல்லாம் ஜெயித்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ம்மா, ஃபைனல்ல ரெட்டு நாந்தாம்மா போட்டேன்!" நான் அடுப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, "சரி சரி, ஹோம்வொர்க் முடிச்சியா?" என்றேன். அவள் முகம் எப்படி அணைந்தது என்பதை நான் பார்க்கவில்லை. அம்மாதான் பார்த்துவிட்டு ராத்திரி சொன்னார். அந்தச் சந்தோஷத்தின் ஆயுசே அரை மணி நேரம், அதில் முதல் நிமிடத்திலேயே நான் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

ஷெல்லி கேபிள் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2004-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்: நல்ல சேதியை இன்னொருவரிடம் சொல்லும்போது, அந்தச் சேதி தருகிற சந்தோஷத்துக்கு மேல் இன்னொரு பங்கு சந்தோஷம் கிடைக்கிறது, அதுவும் கேட்கிறவர் ஆர்வமாகக் கேட்டால். "ம், நல்லது" என்று அடக்கமாகச் சொல்வதுகூடப் போதாதாம். அதனால் இப்போது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். யாராவது நல்ல சேதியோடு வந்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டு, மூன்று கேள்வி கேட்க வேண்டும். எப்படி நடந்தது, அந்த நேரம் உனக்கு எப்படி இருந்தது, அப்புறம் என்ன ஆச்சு? கேட்டுப் பாருங்கள், சொல்கிறவர் அந்த அரை மணியை மறுபடி வாழ்வார், நீங்களும் கூட இருப்பீர்கள்.

எழுதி வைப்பது பற்றி ஒரு வார்த்தை. தினமும் நன்றி சொல்லி நோட்டில் எழுதச் சொல்கிறார்கள், தினமும் எழுதினால் எனக்கு அது கணக்கு லெட்ஜர் மாதிரி ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவை போதும். "குடும்பம், ஆரோக்கியம்" என்று எழுதாமல் "செவ்வாய்க்கிழமை ராத்திரி கரண்ட் போய், பக்கத்து மாடிக்காரர்களோடு ஒன்பது மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம்" என்று எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணுங்கள்

கேட்கக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஜெய்மி கர்ட்ஸ் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி முடிய இன்னும் 6 வாரம் இருக்கிற மாணவர்களில் ஒரு கூட்டத்தை "இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது" என்று நினைத்துக் கல்லூரி வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொன்னார்கள், இன்னொரு கூட்டத்தை "இன்னும் நிறைய நாள் இருக்கிறது" என்று நினைத்து எழுதச் சொன்னார்கள். கொஞ்ச நாள்தான் என்று நினைத்தவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. இரண்டு வாரத்தில் அவர்கள் சந்தோஷம் கூடியிருந்தது, நண்பர்களோடும் கல்லூரி நிகழ்ச்சிகளிலும் கூடுதலாகக் கலந்துகொண்டார்கள்.

என் பெண் இப்போது பிளஸ் ஒன். காலேஜுக்கு வெளியூர் போனால், அதற்கு முன்னால் எங்கள் மூன்று பேருக்கும் சேர்ந்து ஏறக்குறைய 70 ஞாயிற்றுக்கிழமைதான். அந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்குக் குளியலறைக்குள் போய் அழுதேன். மறுநாள் ஞாயிறு. அவள் வழக்கம்போல ஒன்பது மணிக்கு எழுந்து, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "ம்மா, டீ" என்று சோபாவில் விழுந்தாள். மற்ற நாளாக இருந்தால் திட்டியிருப்பேன். அன்றைக்கு டீயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவள் காலைத் தூக்கி என் மடியில் போட்டுக்கொண்டு ஏதோ பள்ளிக்கூடக் கதை சொன்னாள், முக்கால் மணி நேரம் சொன்னாள். எழுபதில் ஒன்று என்று தெரியாமல் இருந்திருந்தால் அந்தக் கதை என் காதில் விழுந்திருக்காது.

அம்மாவுக்கு நான் எண்ணவில்லை, எண்ண முடியவில்லை. அவர் மீன் கழுவும்போது பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். நெத்திலியின் தலையை ஒரே திருகலில் எப்படி எடுப்பது என்று 43 வயதில் இப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

இதை மட்டும் தினமும் செய்யாதீர்கள். கடைசி என்பதையே எப்போதும் நினைத்துக்கொண்டிருந்தால் சோறு இறங்காது. மாதத்துக்கு ஒரு தடவை காலண்டரைப் பார்த்தால் போதும்.

கடைசியாக ஒரு பூ

திருவொற்றியூர்க் கோயிலின் தல மரம் மகிழம். பூ சுண்டு விரல் நகம் அளவுதான், ராத்திரியில் மலர்ந்து விடியும்போது கீழே உதிர்ந்து கிடக்கும், மத்தியானத்துக்குள் வாடிப் பழுப்பாகிவிடும். ஆனால் காய்ந்த பிறகும் அதன் வாசனை போகாது. பாட்டிமார்கள் துணிப்பெட்டிக்குள் போட்டு வைப்பார்கள்.

எங்கே மகிழ மரம் கண்ணில் பட்டாலும் தரையில் கிடக்கிற பூவில் ஒன்றிரண்டு பொறுக்கிக்கொள்ளுங்கள், கிளையில் கை வைக்க வேண்டாம். காகிதத்தில் மடித்து பர்ஸில் வையுங்கள். ஒரு நல்ல நாள் நடந்தால், அன்று ராத்திரி அதை முகர்ந்துகொண்டே அந்த நாளை ஒரு தடவை முதலிலிருந்து கடைசி வரைக்கும் மனதுக்குள் ஓட்டுங்கள். அப்புறம் மூடி வைத்துவிடுங்கள். நினைவும் வாசனையும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். என் பர்ஸில் இருக்கிற மடிப்பைத் திறந்தால் கேரம் பவுடரும், டீயும், என் மடியில் கிடந்த கால்களும் நினைவுக்கு வருகின்றன.

இப்போது சனிக்கிழமை ராத்திரி பத்தரை. நாளைக்கு விடியற்காலை காசிமேட்டுக்குப் போகலாம் என்று பெண்ணே கேட்டிருக்கிறாள், அம்மாவும் வருகிறேன் என்கிறார். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் நெருக்கி உட்கார வேண்டும். அலாரம் நாலரைக்கு வைத்திருக்கிறேன், முன்பு குடம் வைக்க எழுந்த அதே நேரம்.